தலைப்பு கிடைத்துவிட்டது, கேள்வி எங்கே? முதல்முறை ஆய்வு செய்பவர்களுக்கு

"போன் பத்திப் பண்ணலாம்னு இருக்கேன் சார்."

"போன்ல என்ன?"

"மாணவர்கள் மேல அதோட தாக்கம்."

"எந்த மாணவர்கள்? எதுல தாக்கம்?"

வழக்கமாக இந்த இடத்தில் பேச்சு நின்றுபோகும். ஆய்வுத் திட்டம் என்று வருகிற பெரும்பாலோர் கையில் ஒரு தலைப்பு இருக்கும், கேள்வி இருக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வேலையில் இறங்கிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து, கைநிறையத் தரவை வைத்துக்கொண்டு, இதிலிருந்து என்ன சொல்வது என்று விழிப்பார்கள். இந்தக் கட்டுரையில் மாதிரி, கருதுகோள், கால அட்டவணை என்று பலதும் வரும். ஆனாலும் நான் அதிகம் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: தரவு சேகரிக்கக் கிளம்புவதற்கு முன்பே கேள்வியை இழைத்துக் கூராக்கிவிடுங்கள்.

கேள்வியைச் சுருக்குவது

'கைபேசியும் மாணவர்களும்' என்பது தலைப்பு. அதைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகம் எழுதலாம். ஆனால் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ இவ்வளவு என்றோ பதில் சொல்ல முடியாது. பதில் எந்த வடிவில் வரும் என்று ஊகிக்க முடியவில்லை என்றால், அது இன்னும் கேள்வியாகவில்லை என்று அர்த்தம்.

அந்த மாணவரோடு உட்கார்ந்து சுருக்கிப் பார்ப்போம். கைபேசியில் எதைப் பார்க்கப் போகிறோம்? அதைப் பயன்படுத்துவதையா, அது பக்கத்தில் இருப்பதையா? பக்கத்தில் இருப்பதை என்று வைத்துக்கொள்வோம். அது எதைப் பாதிக்கும்? கவனத்தை. கவனத்தை எடைபோடத் தராசு கிடையாது. ஆனால் ஒரு பக்கக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து 10 கேள்வி கேட்டு, எத்தனைக்குச் சரியான பதில் வருகிறது என்று எண்ணலாம். யாரிடம்? அவரால் எட்டிப் பிடிக்க முடிந்தவர்களிடம், அதாவது அவர் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களிடம். ஆக, கேள்வி இப்படி வந்து நிற்கிறது: 'படிக்கும்போது அணைத்த கைபேசி மேசைமேல் இருந்தால், அது வேறு அறையில் இருக்கும்போது வாங்குவதைவிட முதலாண்டு மாணவர்கள் குறைவான மதிப்பெண் வாங்குகிறார்களா?'

படிக்க அழகாக இல்லைதான். ஆனால் இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியும். துறைமொழியில் சொன்னால், நாமே மாற்றி வைக்கிற ஒன்று, அதாவது போன் இருக்கும் இடம், சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று நாம் அளந்து பார்க்கிற மதிப்பெண், சார்பு மாறி. 'மேசைமேல் இருந்தால் குறையும்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற ஊகம், கருதுகோள். அது பொய்த்துப்போக வாய்ப்பு இருக்க வேண்டும். எப்படி முடிவு வந்தாலும் 'நான் சொன்னது சரி' என்று சொல்ல முடிகிற ஊகத்தைச் சோதிக்கவே வேண்டியதில்லை.

எல்லா ஆய்வும் எண்ணிக்கையில் முடியாது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் பாடப்பிரிவை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று 12 பேரிடம் ஆற அமரப் பேசி எழுதுவதும் ஆய்வுதான். அங்கே கருதுகோள் தேவைப்படாமல் போகலாம். ஆனால் யாரிடம், எதைப் பற்றி, எந்தக் காலகட்டத்தைப் பற்றி என்ற சுருக்கம் அங்கேயும் வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, ஆறு மாதத்துக்குத் தகுந்த கேள்வியாக இருக்கட்டும்.

காலி அட்டவணை

கேள்வி தேறிவிட்டதா என்று பார்க்க நான் எல்லோரையும் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு தரவுகூட எடுக்காத நிலையிலேயே முடிவு அட்டவணையை வரைந்துவிடுங்கள், கட்டங்களை மட்டும் காலியாக விட்டு. நம் மாணவரின் அட்டவணையில் மூன்று பத்திகள் இருக்கும்: ஆள் எண், போன் எங்கே, மதிப்பெண். கீழே 40 வரிகள்.

வரைந்த மறுநிமிடமே ஓட்டைகள் கண்ணில் படும். காலையில் எழுதியவரும், மூன்று மணி நேரம் வகுப்பு முடித்துக் களைத்து வந்து எழுதியவரும் ஒன்றா? அப்படியானால் நேரத்துக்கு ஒரு பத்தி. ஒருவரைக் கூட்டமாகவும் இன்னொருவரைத் தனியாகவும் உட்கார வைத்தால்? இடத்துக்கு ஒரு பத்தி, அல்லது எல்லோரையும் ஒரே அறையில் தனித்தனியாக உட்கார வைப்பது என்ற முடிவு. 'போன் பிராண்ட்' என்று ஒரு பத்தி போடலாமா என்று மாணவர் கேட்பார். அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அடித்துவிடலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாணவனாக இருந்தபோது 26 கேள்விகள் கொண்ட வினாநிரலை 90 பேரிடம் கொடுத்து, நிரப்பி வாங்கினேன். முதலாண்டு மாணவர்களுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் உள்ள வேறுபாடுதான் என் ஆய்வே. வினாநிரலில் 'எந்த ஆண்டு படிக்கிறீர்கள்' என்ற கேள்வி இல்லை. பெயர் எழுத வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியும் இருந்தேன், அதனால் தேடிப் போய்க் கேட்கவும் வழியில்லை. காலி அட்டவணை ஒன்று வரைந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே யாராவது செய்திருந்தால்?

செய்திருப்பார்கள். மேலே சொன்ன போன் கேள்வியைப் போன்ற ஒன்றையே 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டார்கள். போனை மேசைமேல் வைத்தவர்கள், பையிலோ பாக்கெட்டிலோ வைத்தவர்கள், வேறு அறையில் விட்டு வந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், வேறு அறையில் விட்டவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். பின்னால் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்கள் சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இதைப் படித்ததும் மாணவருக்கு முகம் சுருங்கிவிடும். எனக்கு நேர்மாறாகத் தோன்றும். ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காத முடிவு என்றால், அங்கே இன்னும் வேலை மிச்சமிருக்கிறது.

பிறர் செய்ததைத் திரும்பச் செய்வது இரண்டாந்தர வேலை என்று யாராவது சொன்னால் தாமஸ் ஹெர்ன்டனைப் பற்றிச் சொல்லுங்கள். நாட்டின் கடன் அதன் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று, பேர்பெற்ற பொருளியலாளர்களான ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010-இல் எழுதினார்கள். அரசுகள் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அந்தக் கட்டுரை பெரிய ஆயுதமாக இருந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாசிரியர்களிடம் கேட்டு எக்செல் கோப்பை வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிகள் விடுபட்டிருந்தன. வேறு சில சிக்கல்களும் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 2.2 சதவீதமாக மாறியது. தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013-இல் அவர் அதை வெளியிட்டார்.

தேடுவதற்கு கூகுள் ஸ்காலர் போதும். பொருத்தமான ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால், அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து முன்னோக்கியும் வாருங்கள். படித்ததை முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து வையுங்கள். குறிப்பெடுக்கும்போது பிறர் வாக்கியத்தை அப்படியே எழுதினால், மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அந்தக் கணமே போட்டுவிடுங்கள். கருத்துத் திருட்டு என்று மாட்டிக்கொள்பவர்களில் திருட நினைக்காதவர்களும் உண்டு. நான்கு மாதத்துக்கு முன் ஒட்டி வைத்த பத்தி, திரும்பப் படிக்கும்போது நாமே எழுதியது போலத் தோன்றும்.

யாரை, எத்தனை பேரை

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், எச்எம்எஸ் சாலிஸ்பரி கப்பலில் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடிகளாகப் பிரித்தார். எல்லோரும் ஒரே இடத்தில் படுத்தார்கள், ஒரே உணவைச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மருந்து மட்டும் வேறு: ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று போனது. ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது, ஆனால் பழம் சாப்பிட்ட இருவரும்தான் தெளிவாகத் தேறினார்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் ஒன்றுபோல் வை என்ற அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் சோதனை ஆய்வின் அடிப்படை.

நம் மாணவர் யாரைப் போன் உள்ள அறைக்கு அனுப்புவது, யாரை மற்றதற்கு அனுப்புவது என்று தானே முடிவு செய்யக்கூடாது. வருகிறவரையும் கேட்கக்கூடாது. போனை விட்டுவிட்டு வர முன்வருபவர் ஒருவேளை இயல்பிலேயே கவனம் மிக்கவராக இருக்கலாம், அப்போது நாம் அளப்பது போனையா ஆளையா என்று தெரியாமல் போகும். நாணயம் சுண்டிப் போட்டு அனுப்புவதே மேல். குழுவுக்குச் சரியாக 20 பேர் வேண்டுமென்றால் 40 சீட்டு எழுதிக் குலுக்கிக்கொள்ளலாம்.

எத்தனை பேர் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. கருத்துக்கணிப்பு போன்ற ஆய்வில், முறையாகக் குலுக்கல் போல் எடுத்த 100 பேரிடம் ஆம்/இல்லை கேட்டால், கிடைக்கும் சதவீதம் சுமார் 10 புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கலாம். பிழையைப் பாதியாக்க 200 பேர் போதாது, 400 பேர் வேண்டும். பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் குறையும். இரண்டு குழுக்களை ஒப்பிடும் சோதனையில், நடுத்தர அளவு வேறுபாட்டைப் பெரும்பாலும் தவறவிடாமல் பிடிக்க ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நம் மாணவர் குழுவுக்கு 20 பேர்தான் வைத்திருக்கிறார். தப்பில்லை, மாணவர் ஆய்வு அப்படித்தான் இருக்கும். ஆனால் வேறுபாடு தெரியவில்லை என்றால் 'போனால் பாதிப்பில்லை' என்று தீர்ப்பெழுதாமல், 'பெரிய பாதிப்பு ஏதும் என் சோதனையில் தென்படவில்லை' என்று எழுத வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கிளறிவிட்ட பானைக்குத்தான் அது பொருந்தும். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி அட்டைகளை அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டைஜஸ்ட் முகவரி எடுத்த இடங்களில் தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் பட்டியல்களும் அடக்கம். பொருளாதாரம் நொடித்துக்கிடந்த காலத்தில் அவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டை போனவர்களிலும் நான்கில் ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. வகுப்பு வாட்சாப் குழுவில் கூகுள் ஃபார்ம் போட்டுவிட்டு, வந்த பதில்களை 'மாணவர்களின் கருத்து' என்று எழுதுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நாள் கணக்கு

உளவியலாளர்கள் சிலர், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடமே எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு ஆராய்ந்து, 1994-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். கெட்டதிலும் கெட்டதை நினைத்துச் சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது!

அதனால் நான் சொல்வது: கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எழுதவும் திருத்தவும் மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். அனுமதி வாங்குவது, நெறியாளர் படித்துத் திருப்பித் தருவது, ஆட்கள் வருவது ஆகிய மூன்றும் உங்கள் கையில் இல்லாதவை. எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதை இரட்டிப்பாக்குங்கள்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர்களைக் கொண்டு செய்யும் ஆய்வு என்றால், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தேவையா என்று முதல் வாரமே விசாரியுங்கள். கலந்துகொள்பவருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று புரியும்படி சொல்லி, எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். நடுவில் எழுந்துபோக அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரும் பதிலும் ஒரே தாளில் இருக்கக்கூடாது.

பிறகு முன்னோட்டம். ஆழம் தெரியாமல் காலை விடாமல், முதலில் நான்கைந்து பேரை வைத்து முழுச் சோதனையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நம் மாணவர் வேறு துறையைச் சேர்ந்த ஐந்து பேரை வைத்துப் பார்த்தார். ஐந்து பேரும் 10-க்கு 9, 10 என்று வாங்கிவிட்டார்கள். கேள்விகள் அவ்வளவு சுலபம். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கும் தேர்வில் போனுக்கு என்ன வேலை? கேள்விகளை மாற்றி எழுத நான்கு நாள் ஆனது. அது கணக்கில் இல்லாத நான்கு நாள். வினாநிரல் என்றால் 'ஆசிரியர்களும் நூலகமும் உதவியாக இருக்கின்றனவா' போன்ற இரட்டைக் கேள்விகள் முன்னோட்டத்தில்தான் பிடிபடும். ஆசிரியர் உதவுகிறார், நூலகம் உதவவில்லை என்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

குறிப்பேடு

அந்த மாணவரின் குறிப்பேட்டிலிருந்து ஒரு பதிவு:

'13-ஆம் ஆள். மாலை 4.10. போன் மேசைமேல். படிக்கத் தொடங்கி ஏழாவது நிமிடம் யாரோ கதவைத் தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தார், திரும்பப் படித்தார். மதிப்பெண் 4. சேர்ப்பதா விடுவதா? நெறியாளரைக் கேட்க வேண்டும்.'

இதில் எனக்குப் பிடித்தது, அவர் தானாக எதையும் நீக்கவில்லை. போன் உள்ள குழுவில் குறைந்த மதிப்பெண் வந்தால் அவருடைய கருதுகோளுக்குச் சாதகம். சாதகமாக இருந்தும் சந்தேகத்தை எழுதி வைத்தார். முடிவைப் பார்த்த பிறகு யாரைச் சேர்ப்பது என்று தீர்மானித்தால், நம் விருப்பம் நம்மை அறியாமலே கணக்கில் புகுந்துவிடும். அதனால் 'இடையூறு நேர்ந்தால் அந்த ஆளின் தரவைச் சேர்ப்பதில்லை' என்பது போன்ற விதியை முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

ஒத்துவராததை எழுதி வைப்பதில் பெரிய லாபமும் உண்டு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தாம் கட்ட உதவிய வானொலித் தொலைநோக்கி நாள்தோறும் கக்கிய சுமார் 30 மீட்டர் நீள வரைபடத் தாளைக் கண்ணாலேயே படித்துக்கொண்டிருந்தார். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல் தென்பட்டது. வழக்கமான விண்பொருளின் பதிவு போலவும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் போலவும் இல்லை. தள்ளிவிட்டுப் போகாமல், வானத்தின் அதே பகுதியிலிருந்து அது திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். தாளை வேகமாக ஓட்டிப் பதிந்தபோது சுமார் 1.3 நொடிக்கு ஒருமுறை துடிப்பு. பல்சார் என்ற விண்பொருள் அப்படித்தான் கண்டறியப்பட்டது.

நம் குறிப்பேட்டில் பல்சார் வராது. ஆனால் தேதி, நேரம், அலகு, யார் அளந்தது, என்ன தவறியது என்பவை வர வேண்டும். கணினியில் ஏற்றியதும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். திருத்தம் எல்லாம் நகலில்தான். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று பெயர் வைப்பதைவிடத் தேதியைப் பெயராக வைப்பது பின்னால் உதவும்.

எழுதும்போது

பகுப்பாய்வில் முதலில் வரைபடம் போட்டுப் பாருங்கள். எந்தப் புள்ளியியல் சோதனைக்கும் முன்னால் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 10-க்கு 55 என்று தட்டச்சான மதிப்பெண் வரைபடத்தில்தான் துருத்திக்கொண்டு நிற்கும். கருதுகோள் பொய்த்துவிட்டால், தரவைப் புரட்டிப் புரட்டி ஏதோ ஒன்று கிடைத்ததும் அதைத்தான் முதலிலிருந்தே தேடினோம் என்பது போல எழுதாதீர்கள். எதேச்சையாகக் கண்ணில் பட்டதை எதேச்சையாகப் பட்டது என்றே எழுதலாம், அடுத்த ஆய்வுக்கு அது கேள்வியாகும்.

அறிக்கையை முன்னுரையிலிருந்து தொடங்கி எழுத வேண்டும் என்று சட்டமில்லை. செய்முறைப் பகுதியை வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். இன்னொருவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். பிறகு முடிவுகள், அடுத்து அவற்றின் பொருள், கடைசியில் முன்னுரையும் சுருக்கமும். 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்தால் நான் சிவப்பு மையை எடுத்துவிடுவேன். 40 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

வாய்மொழித் தேர்வில் அனேகமாக எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள்: மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? நம் மாணவர் குறிப்பேட்டைப் புரட்டினார். "கட்டுரையை மாத்துவேன் சார். முதலாண்டுல சில பேருக்கு அது ஏற்கெனவே பாடத்துல வந்திருக்கு. 31-ஆவது ஆள் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது." அட்டவணையில் 'முன்பே படித்ததுண்டா' என்று ஒரு பத்தி கடைசியாகச் சேர்ந்திருந்தது. முதல் 30 வரிகளில் அது காலியாகவே இருந்தது.